பிரம்மதேசம் என்று அவள் சொன்னாள்

1

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை கண்டு திரும்பிய பிறகு, என் மகள் பிலோமினா சாப்பாட்டு மேஜையில் ஒரு விண்ணப்பத் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தியா சுதந்திரம் அடைந்ததிலிருந்து, மலாயாவில் குடியிருக்கும் நம்மவர்கள் யார், எந்த ஊரில் பிறந்தவர்கள் என்றெல்லாம் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். என் கையெழுத்து சுமார். கான்வெண்டில் படிக்கிற பிலோமினாவுக்கு அச்சுப் போன்ற எழுத்து. அதனால் நான் சொல்ல, அவள் எழுதினாள்.

பெயர் ஞானப்பிரகாசம். தகப்பனார் பெயர் சின்னப்பன். வேலை, ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். அதாவது புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து கலக்கிக் கொடுப்பது, டாக்டருக்குப் பின்னால் நடப்பது. இதுவரைக்கும் தடங்கல் இல்லை.

"பிறந்த ஊர், டாடி?"

"பாண்டிச்சேரி" என்றேன். இங்கே வந்த நாளிலிருந்து யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லி வருகிறேன்.

அவள் பேனாவை நிறுத்தினாள். "பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரங்க ஊராச்சே? ஜியாகிரபி புஸ்தகத்துல இருக்கு. அப்ப நீங்க இந்தியன் இல்லையா, டாடி?"

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் மனைவி ரோசம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். 

"அதை இப்ப எழுதாதே. யோசிச்சுச் சொல்றேன்."

"பொறந்த ஊரைக்கூடவா யோசிப்பாங்க?" என்று பிலோமினா சிரித்தாள். பிறகு அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு மற்றதை எழுதி முடித்தாள்.

அவள் சிரித்ததில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தக் கட்டம் ஏன் காலியாக இருந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் அவ்வப்போது எழுதுகிற இந்தப் பத்திரிகை தென்னாற்காடு ஜில்லாவுக்குப் போகிறது, திண்டிவனத்தில் நாலு பேராவது படிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் இதற்கு அனுப்புகிறேன்.

2

நான் பாண்டிச்சேரியில் பிறக்கவில்லை. திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி, ஏரிக்கு அந்தப் பக்கத்துச் சேரியில் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் ஒரு ரெட்டியார் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள். எங்களுக்கென்று ஒரு சாண் மண் கிடையாது. வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், என்பதால் பாதிரிச் சாமியார் ஒருவர் என்னைத் திண்டிவனத்தில் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்.

அங்கே முதலில் மாறியது என் நாக்கு. "இன்னா சார்?" என்று கேட்டால் வாத்தியார் உள்ளங்கையில் ஒரு அடி கொடுப்பார். "என்ன ஐயா" என்று சொல்லும் வரைக்கும் அடி நிற்காது. மல்லாட்டை என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். நிலக்கடலை என்று சொல்ல வேண்டும். "வந்துகினு, போய்க்கினு" என்பதெல்லாம் மாடு மேய்க்கிற பேச்சு என்பார். ஒரு வருஷத்தில் நான் வகுப்பிலேயே சுத்தமாகப் பேசுகிற பையன் ஆகிவிட்டேன்.

அம்மா மாதம் ஒரு தரம் நடந்து வந்து பள்ளிக்கூடத்து வாசலில் நிற்பாள். மடியில் அவித்த மல்லாட்டை இருக்கும். மற்றப் பையன்கள் வருவதற்குள் அவளை அனுப்பிவிட வேண்டும் என்று நான் அவசர அவசரமாகப் பேசுவேன். ஒரு நாள் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னாடா நீ, வாத்தியாரு மாதிரி பேசிக்கினு கீற?" என்று கேட்டாள். அவள் முகமெல்லாம் பெருமை. நான் அவளை அனுப்பிவிடத்தான் அப்படிப் பேசினேன் என்று அவளுக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் முடித்து, ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் பழகி, மலாயாவுக்குக் கப்பல் ஏறினேன். பேராக் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். நோயாளிகள் எல்லாம் தோட்டத்துக் கூலிகள், பாதிப் பேர் நம் ஜில்லாக்காரர்கள். நானோ அவர்களிடம் புத்தகத் தமிழில் பேசுகிற டிரஸ்ஸர் ஐயா. எங்கே பிறந்தேன் என்று கேட்டால் பாண்டிச்சேரி. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் கோயில் உபதேசியார். அந்தப் பொய்யை நம்பித்தான், பினாங்கில் பிறந்து வளர்ந்த, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பூர்வீகம் உள்ள ஒரு குடும்பம் எனக்கு ரோசம்மாவைக் கட்டிக் கொடுத்தது. வேதக்காரர்களுக்குள் சாதி இல்லை என்று அவர்கள் வாயால் சொல்வார்கள். வீட்டில் பெண் கேட்டு வந்தால் முதலில் அதைத்தான் விசாரிப்பார்கள்.

ரோசம்மாவின் அண்ணன் சவரிநாதன் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கிராணி. நோயாளி பெயர், தோட்டம், ஊர் எல்லாம் பதிவுப் புத்தகத்தில் ஏற்றுகிற குமாஸ்தா. எனக்கு மச்சான் முறை. நாளெல்லாம் அவர் கண் முன்னால்தான் எனக்கு வேலை. என் நாக்கு ஒரு தரம்கூட வழுக்காமல் பார்த்துக்கொள்வது எனக்கு இரண்டாவது உத்தியோகமாக இருந்தது.

3

யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முன்னால், ஒரு மழைநாளில் அஞ்சலையைக் கொண்டுவந்தார்கள். வயது முப்பது இருக்கும். ரப்பர்ப் பால் வெட்டப் போன இடத்தில் மரக்கிளை முறிந்து தலையின் இடது பக்கத்தில் விழுந்துவிட்டது. நாலு நாள் நினைவில்லை. ஐந்தாம் நாள் கண் திறந்தாள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் இல்லை.

அவள் எந்த ஊர்க்காரி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வேலை பார்த்த பழைய தோட்டம் மூடிப்போய், புருஷனையும் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, இந்தத் தோட்டத்துக்கு வந்து இரண்டே வாரம் ஆகியிருந்தது. பேர்ப் புத்தகத்தில் அஞ்சலை என்ற பெயர் மட்டும் இருந்தது.

எங்கள் டாக்டர் ஒரு வெள்ளைக்கார துரை, இளவயசுக்காரர், சீமையில் மூளையைப் பற்றி விசேஷமாகப் படித்துவிட்டு வந்தவர். அஞ்சலையிடம் அவருக்கு மிகுந்த அக்கறை. ஒரு காகிதத்தில் மூளையை வரைந்து எனக்கு விளக்கினார். அவர் இங்கிலீஷில் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மூளை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத செல்கள். ஒவ்வொரு செல்லும் நூல் மாதிரி கை நீட்டி அடுத்த செல்லைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. குழந்தை ஒரு சொல்லைக் கற்கும்போது அந்தச் சத்தம் மட்டும் போய் உள்ளே உட்காருவதில்லை. அந்தப் பொருளின் வாசனை, தொட்ட விரல், கொடுத்த ஆள், நின்ற இடம் எல்லாவற்றுக்கும் உரிய செல்கள் ஒன்றோடு ஒன்று கைகோத்துக்கொள்கின்றன. திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல அந்தப் பிடி இறுகுகிறது. பிற்பாடு சொல்லைக் கேட்டால் ஞாபகம் எழும். ஞாபகம் வந்தால் சொல்லும் கூடவே வரும்.

"அடிபட்டால், கடைசியாகக் கற்றது முதலில் போய்விடலாம். முதலில் கற்றது தப்பி நிற்கலாம். எல்லாருக்கும் அப்படியா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது" என்றார். "இவள் சின்ன வயசில் கேட்ட பேச்சிலேயே இவளிடம் பேசிப் பார்க்க வேண்டும். அது உன்னால்தான் முடியும், ஞானப்பிரகாசம்."

மறுநாள் காலை சோதனை. ஒரு தட்டில் ஒரு கைப்பிடி மல்லாட்டை, ஒரு சாவி, ஒரு நெருப்புப்பெட்டி, ஒரு சொம்பு. நான் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வேண்டும். அவள் இடது கையால் எடுத்துக் காட்ட வேண்டும். டாக்டர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். இந்தப் பக்கம் பதிவுப் புத்தகத்தோடு என் மச்சான் நின்றார்.

அவள் எந்தப் பக்கத்துக்காரி என்று எனக்கு அதற்கு முன்பே தெரியும். நினைவு திரும்பிய அன்று வலி தாளாமல் "யம்மோவ்" என்று ஒரு இழுப்பு இழுத்தாள். அந்த இழுப்பு எங்கள் ஏரிக்கரையில் நான் கேட்டு வளர்ந்த இழுப்பு.

"நிலக்கடலையை எடுத்துக் காட்டுங்கள், அம்மா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கை அசையவில்லை.

"திறவுகோல் எங்கே இருக்கிறது?"

பார்த்தாள். அவ்வளவுதான்.

"தீப்பெட்டியைச் சுட்டிக் காட்டுங்கள்."

அவள் கண்ணில் ஒரு பயம் வந்தது. இரைகிற வாத்தியாருக்கு முன்னால் பாடம் தெரியாத பிள்ளை மாதிரி கையை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "அவள் ஊரில் இப்படித்தான் சொல்வார்களா? வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கலாமா?"

மச்சான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினார். என்ன சொல்லப் போகிறேன் என்று சும்மா பார்த்தார், வேறு எண்ணம் ஒன்றும் அவருக்கு இருந்திருக்காது. 

"தமிழ் எல்லா இடத்திலும் ஒன்றுதான், சார்" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார்: சொல்வது எதுவும் புரியவில்லை.

4

அன்று மத்தியானம் வார்டில் வேறு யாரும் இல்லை. மச்சான் சாப்பிடப் போயிருந்தார். நான் அவளுக்குக் கஞ்சி ஊட்டினேன். அந்தத் தட்டு இன்னும் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன். வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னேன்.

"யக்கா. மல்லாட்ட எட்த்துக் குடு."

அவள் இடது கை நேராகப் போய் மல்லாட்டையை அள்ளியது. அள்ளி என் உள்ளங்கையில் வைத்தது.

"மல்லாட்ட" என்றாள். அடிபட்ட பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

அதைச் சொன்னதும் அவளே திடுக்கிட்டுப்போனாள். பிறகு ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. "மல்லாட்ட... கொல்லி..." என்றாள். கொல்லி என்றால் எங்கள் பக்கத்தில் வானம் பார்த்த காடு, மல்லாட்டை போடுகிற இடம். "கொல்லி... அப்பா... பாப்பா..." கண்ணில் நீர் வழிந்தது. வாய் கோணிக்கொண்டு போராடியது. கடைசியில் முழுசாகச் சொல்லிவிட்டாள். "பெரம்மதேசம்."

டாக்டர் காகிதத்தில் போட்ட அந்த நூல்கள் என் கண் முன்னால் ஒவ்வொன்றாக உயிர் பெற்ற மாதிரி இருந்தது. நான் ஓடிப் போய் அவரைக் கூட்டிவந்திருக்க வேண்டும். பத்து அடி தூரத்தில் அவர் அறை.

அஞ்சலை தன் நெஞ்சைத் தொட்டாள், பிறகு என் நெஞ்சைத் தொட்டாள். "நம்ம ஊரு" என்றாள். பாதி முகத்தால் சிரித்தாள்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

5

உடம்பு ஒருவாறு தேறியதும், வேலைக்கு லாயக்கில்லை என்று அவளை ஊருக்கு அனுப்ப உத்தரவாயிற்று. எந்த ஊருக்கு என்று எழுத வேண்டும். மச்சான் புத்தகத்தோடு வந்து கட்டிலருகில் குனிந்து உரக்கக் கேட்டார். "ஏம்மா, உனக்கு எந்த ஊரு? ஊரு, ஊரு!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அடுத்த கட்டிலில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"பெரம்மதேசம்" என்றாள்.

"பர்மா தேசமா?" என்றார் மச்சான். பினாங்கில் பிறந்தவர். பர்மாவைப் பழைய ஆட்கள் பிரம்மதேசம் என்றே சொல்வார்கள். அவர் வீட்டிலும் அப்படித்தான். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய சோழர் கோயிலோடு அதே பெயரில் ஒரு ஊர் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"மாப்ள, பர்மாவைத்தானே சொல்றா?"

"நம்ம ஊரு" என்றாள் அஞ்சலை, என்னைக் கை காட்டி. "நம்ம... ஊரு."

மச்சான் சிரித்துவிட்டார். "பாருங்க, உங்க ஊராம்! பாவம், மூளை கலங்கிடுச்சு."

நானும் சிரித்தேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்: நான் சிரித்தேன். "பர்மாவாத்தான் இருக்கும், மச்சான். அங்க நம்ம ஆளுங்க நிறையப் பேர் இருக்காங்களே" என்றேன்.

அவர் எழுதினார். ரங்கூன் துறைமுகம் என்று சீட்டு வந்தது. டாக்டர் துரை லீவில் போயிருந்தார். இருந்திருந்தால் மட்டும் நான் சொல்லியிருப்பேனா? தெரியாது.

பினாங்குக்குப் போகிற லாரியில் அவளைத் தூக்கி உட்காரவைத்தது நான்தான். கழுத்தில் நூல் கட்டி ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வா" என்றாள். "ஊருக்கு. வா." நானும் கூட வருகிறேன் என்றே நினைத்திருக்கிறாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் என் கையை விடுவித்துக்கொண்டேன்.

6

யுத்தம் வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது, நம் ஜனங்கள் காடு மலை தாண்டி நடந்தே போகிறார்கள், வழியெல்லாம் பிணம் என்று செய்தி வந்தபோது எனக்கு அவள் ஞாபகம்தான். ஒரு கால் இழுத்துக்கொள்கிற பெண் எப்படி நடந்திருப்பாள்? ஜப்பான்காரன் காலத்தில் இங்கே மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டு எல்லாரும் கஷ்டப்பட்டோம். என் கஷ்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

இதற்கிடையில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பிலோமினா இங்கிலீஷில் கணக்குப் போடுகிறாள், மலாயில் சண்டை போடுகிறாள். தூக்கத்தில்கூட இங்கிலீஷில்தான் உளறுகிறாள். தமிழ் அவளுக்கு அம்மாவிடம் சோறு கேட்கிற பாஷை. ஒரு நாள் கடைத்தெருவில் தோட்டத்து ஆட்கள் "இன்னாப்பா, ஜல்தி வா" என்று கூப்பிட்டுக்கொண்டு போனதைக் கேட்டு அவள் மூக்கைச் சுளித்தாள். "இவங்க பேசறது தமிழா, டாடி?" நான் மேலே நடந்தேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. நான் ஊட்டாத பேச்சு அவளுக்கு எங்கிருந்து வரும்? அவளுக்கு மூளையில் அந்த முடிச்சே விழவில்லை. விழாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

7

யுத்தம் முடிந்து கப்பல் ஓட ஆரம்பித்ததும் லீவு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா அம்மா இருவரும் முன்னமே காலமாகிவிட்டார்கள். எனக்கு அங்கே யாரும் இல்லை. பாண்டிச்சேரியில் சொத்து விஷயம் என்று வீட்டில் ஒரு பொய் சொன்னேன். அஞ்சலையின் வீட்டாரைப் பார்த்து, நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று புறப்பட்டேன்.

நாகப்பட்டினத்தில் இறங்கி ரயில் ஏறினேன். விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி மாற வேண்டும். பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் நாலு பக்கமும் அந்தப் பேச்சு. "யோவ், மூட்டய ஓரமா வெச்சிக்கினு நில்லு." "வண்டி எப்ப வரும்ங்க?" "தோ, வந்துகினே கீது." தலையில் கூடையோடு ஒரு பெண்பிள்ளை "மல்லாட்ட, மல்லாட்டேய்" என்று கூவிக்கொண்டு போனாள். எனக்கு அழுகை முட்டியது. அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். "அம்மா, கடலை கொடுங்கள்" என்றுதான் வந்தது. அவள் என் செருப்பையும் சட்டையையும் பார்த்துவிட்டு, "தர்றேன் சாமி" என்றாள்.

திண்டிவனத்திலிருந்து ஜட்கா. பிரம்மதேசத்தில் விசாரித்ததும், "கை கால் வராத அஞ்சலையா? தோ, அந்தக் கோடி வூடு" என்று ஒருவர் கையைக் காட்டினார். நான் அவள் வீட்டாரைத்தான் தேடிப் போனேன். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று நான் நினைக்கவே இல்லை.

கூரை வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஒரு கையால் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முறம் கீழே விழுந்தது. "ஆஸ்பத்ரி" என்றாள். "ஆஸ்பத்ரி... புள்ள."

உள்ளேயிருந்து அவள் மகள் முனியம்மா இடுப்பில் குழந்தையோடு வந்தாள். அன்று ஆஸ்பத்திரியில் அஞ்சலை சொன்ன பாப்பா இவள்தான். தாத்தாவிடம் விட்டுவிட்டுப் போன பிள்ளை.

"நீங்களா அந்த ஆஸ்பத்திரி சாரு? குந்துங்க, குந்துங்க. அம்மா உங்களப் பத்திச் சொல்லிக்கினே இருக்கும்ங்க. அதுக்குப் பேச்சு வரவெச்சதே நீங்கதானாமே!"

பாய் போட்டாள். மோர் கொடுத்தாள். அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் வந்து நின்றார்கள். முனியம்மாவே கதையைச் சொன்னாள்.

"எவனோ தப்பா எழுதி, அத்த ரங்கூனுக்கு அனுப்பிட்டானுங்க. அங்க ஒரு சத்திரத்துல ரெண்டு வருசம் கெடந்துதுங்க. அப்பால மயிலம் பக்கத்துப் பொம்பள ஒண்ணு அங்க கூட்டிப் பெருக்க வந்திச்சாம். 'இன்னா யக்கா, எந்தூரு நீ?'ன்னு கேட்டுதாம். பெரம்மதேசம்னு இது சொன்ன ஒடனே, அடியே நம்ம திண்டிவனத்தாண்ட தானேன்னு கண்டுபுடிச்சிடுச்சு. அதுதான் ஆளுங்களப் புடிச்சிக் கப்பல்ல ஏத்திவுட்டுது."

கேட்ட மாத்திரத்தில் ஒரு சத்திரத்தில் கூட்டிப் பெருக்குகிறவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"நாங்க இது செத்துப்பூட்டுதுன்னு நெனச்சிக்கினு இருந்தோம்ங்க. எங்க தாத்தா மட்டும் நம்பல. தெனமும் ரோட்டாண்ட போயி நின்னுக்கினு இருப்பாரு. இது வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் பூட்டாரு. இன்னும் ரெண்டு மாசம் இருந்திருந்தா மவளப் பாத்திருப்பாரு."

முனியம்மா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை தப்பிப்போனதைச் சொல்வது போலச் சொன்னாள்.

இப்போது சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தேன். "அம்மா, நான் ஒரு விஷயம் தெரிவிக்க வேண்டும்" என்று தொடங்கினேன். தெரிவிக்க வேண்டும்! கூட்டம் மரியாதையோடு அடங்கியது. துரைக்கு முன்னால் நிற்கிற மாதிரி நின்றார்கள். என் நாக்கு மேலே போகவில்லை.

கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். "சாருக்கு எந்த ஊருங்க?"

"பாண்டிச்சேரி" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. கேட்டதும் தானாக வந்துவிட்டது. அத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி அந்தப் பொய்யும் என் மூளைக்குள் இறுகிப்போயிருந்தது.

"இல்ல" என்றாள் அஞ்சலை.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையைப் பலமாக ஆட்டினாள். "இல்ல. நம்ம ஊரு. நம்ம... ஊரு." அவள் நெஞ்சைத் தொட்டாள். என்னைக் காட்டினாள்.

கூட்டம் சிரித்தது. முனியம்மா வெட்கப்பட்டுப்போய், "தப்பா எடுத்துக்காதீங்க சார். அடிபட்டதுலருந்து அம்மாவுக்கு மூள சரியில்ல. அப்படித்தான் ஒளறும்" என்றாள்.

"பரவாயில்லை" என்றேன்.

அஞ்சலை அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு புடைக்க ஆரம்பித்தாள்.

திரும்புகிற வழியில் ஜட்காக்காரன் ஏரிக்கரையில் குதிரைக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினான். அந்தப் பக்கத்தில் எங்கள் சேரிக் கூரைகள் தெரிந்தன. நான் இறங்கவில்லை.

8

விண்ணப்பம் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு காலையில், ரோசம்மாவை உட்காரவைத்து, பிறந்த ஊரைச் சொன்னேன். 

"எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள். "கல்யாணமான மறு வருஷம் உங்களுக்கு மலேரியா வந்து நினைவு தப்பிப் போச்சே, ஞாபகம் இருக்கா? மூணு நாளும் நீங்க வேற ஒரு ஆளாட்டம் பேசினீங்க. உங்கம்மாவைக் கூப்பிட்டீங்க. ரெட்டியார் அடிக்கிறார்னு அழுதீங்க. நான் ஈரத் துணி போட்டுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டேன்."

"ஏன் சொல்லலை?"

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்."

"மச்சானுக்கு?"

"அண்ணனுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்ன பண்ணியிருப்பார்னு எனக்கும் தெரியாது."

நான் மறைத்ததெல்லாம் என் மனைவிக்கு முன்னால் மூன்று நாள் திறந்து கிடந்திருக்கிறது. அவளோ அதற்குப் பிறகும் என்னோடு வாழ்ந்திருக்கிறாள். அந்தத் தைரியத்தில் அஞ்சலையின் கதையையும் சொன்னேன். தட்டு, மல்லாட்டை, பர்மா, லாரி, மகளுக்காக ரோட்டில் நின்ற அந்தக் கிழவர், எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"சேரியில பொறந்ததை மறைச்சீங்க. ஏன்னு எனக்குப் புரிஞ்சுது. எங்க வீட்டு ஆளுங்களை எனக்குத் தெரியாதா?" என்றாள். "இதை எப்படிப் புரிஞ்சுக்கறது? வாயில்லாதவ அவ. உங்களை நம்பி ஊர் பேரைச் சொன்னா."

எழுந்து அடுப்படிக்குப் போனாள். வெகுநேரம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து வாசற்படியில் நின்றபடியே, "எழுதுங்க" என்றாள். "பத்திரிகைக்கு எழுதறீங்களே, அதுல எழுதுங்க. பேரைப் போட்டு எழுதுங்க. அண்ணன் படிச்சா படிக்கட்டும்."

அன்று சாயங்காலம் பிலோமினாவைக் கூப்பிட்டு அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியதை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். "இது எங்க இருக்கு?" என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன். இன்னும் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை.

9

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பிரம்மதேசத்துப் பக்கம் போனால், கோடி வீட்டு அஞ்சலையிடம் நான் கீழே எழுதியிருப்பதைச் சொல்லுங்கள். முனியம்மாவும், அன்று என் ஊரைக் கேட்ட அந்தப் பெரியவரும் கூட இருக்கும்போது சொல்லுங்கள். அடிபட்ட மூளை, நீளமாகச் சொன்னால் பிடிபடாது. ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். புத்தகத் தமிழில் மாற்றிவிட வேண்டாம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு இதை எழுத எனக்கு நாலு தாள் வீணாயிற்று. எழுதியது சரியான பேச்சுத்தானா என்றுகூட நிச்சயமில்லை. தப்பிருந்தால் நீங்கள் திருத்திச் சொல்லுங்கள்.

யக்கா. நான் ஏரிக்கு அந்தாண்ட சேரி. சின்னப்பன் மவன். அன்னிக்கு நீ பெரம்மதேசம்னு சொன்னது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சிக்கினேதான் பர்மான்னு சொன்னேன். உனக்கு மூள நல்லாத்தான் கீது. நீ சொன்னதுதான் நெசம், நானு நம்ம ஊருதான். உங்கப்பாவ நீ பாக்காம பூட்டது என்னாலதான்.